டிராகனுக்குத் தீனி போடுவது யார்?

ஏர்முனை:

அறுப்புக்கு நின்ற பயிரில் மழை பிடித்துக்கொண்டது. ஈரம் காயாமல் கதிரிலேயே தானியம் முளைவிட ஆரம்பித்துவிட்டது. வயலில் கால் வைக்க முடியாது, வீட்டில் உட்கார்ந்து வானத்தைத் திட்டுவதைத் தவிர வேறு வேலையும் இல்லை. அண்ணன் மகள் ஒரு தடித்த மாயாஜால நாவலைக் கையில் திணித்தாள். பெயர் சொன்னால் அதன் ரசிகர்கள் கம்பெடுத்துக்கொண்டு வருவார்கள், வேண்டாம்.

அதில் ஒரு பெரும்படை கோட்டைக்கு முன்னால் இருக்கும் விளைநிலத்தில் ஒரு பருவம் முழுக்க முகாம் போடுகிறது. குதிரைகள், வண்டிகள், அடுப்புகள், பதுங்குகுழிகள், எல்லாம் அந்த மண்ணில்தான். முற்றுகை உடைகிறது. இரண்டே அத்தியாயம் தள்ளி, அதே ஊரில், அதே ஆண்டில், அறுவடை விழா! எதை அறுத்தார்கள்? குதிரைச் சாணத்தையா?

இன்னொன்று. கதாநாயகன் ராத்திரி குதிரை ஏறுகிறான், விடிவதற்குள் ஒரு மலைத்தொடரைத் தாண்டிவிடுகிறான். அதே மலையைத் தாண்ட எதிரிப் படைக்கு மட்டும் வாரக்கணக்கில் ஆகிறது.

மந்திரம் இருக்கட்டும், டிராகன் பறக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் சாப்பாடு எங்கே விளைகிறது, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக எவ்வளவு நாள் ஆகும், இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வைத்திருக்காத புத்தகத்தில் எந்த ஆபத்தும் ஆபத்தாகத் தெரிவதில்லை. பசியே இல்லாத உலகத்தில் முற்றுகை போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன?

நூலகப்பூனை:

ஆக, வீட்டளவு பெரிய பல்லி நெருப்புக் கக்கிக்கொண்டு பறப்பதை நம்பிவிட்டீர்கள். வயல் மிதிபட்டதுதான் தொண்டையில் சிக்குகிறது. உங்கள் பயிர் போனதற்கு வருத்தப்படுகிறேன், ஏர்முனை அண்ணா, அது வேறு. ஆனால் அந்தக் கோபத்தைப் பாவம் ஒரு கதைசொல்லி மீது காட்டுகிறீர்கள்.

கதை எழுதுவதில் பாதி வேலை எதை விடுவது என்று முடிவெடுப்பது. எந்தக் கதாநாயகனும் பல் துலக்குவதை நான் படித்ததில்லை. அதற்காக அவர்கள் வாய் நாறிக்கொண்டே காதலித்தார்கள் என்றா எடுத்துக்கொள்வது? விளைச்சல் எங்கோ நடந்திருக்கும், அது நமக்குச் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். சொல்லப்படாததையெல்லாம் ஓட்டை என்று எண்ண ஆரம்பித்தால் உலகில் எந்தக் கதையும் தப்பாது.

ஏர்முனை:

டிராகன் உண்டு என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போகிறேன். மிதித்துக் கெட்டித்துப்போன மண்ணில் அதே ஆண்டு பயிர் வரும் என்று யாரும் சொல்லவில்லை. மந்திரத்தால் வந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். எழுதியவருக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் என் வருத்தம். விட்டுவிடுவது வேறு, மறந்துபோவது வேறு. படிக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியும்.

கால்நடை:

நான் ஏர்முனை பக்கம், ஆனால் எனக்கு வயலைவிட வழிதான் முக்கியம். மூட்டை தூக்கிக்கொண்டு நாள்கணக்கில் நடப்பது என் பொழுதுபோக்கு. நல்ல பாதையில், அளவான சுமையோடு, பழகிய ஆள் ஒரு நாளில் 25 முதல் 30 கிலோமீட்டர் போகலாம். ஏற்றம் வந்தால் கணக்கு மாறும். ஈரம் காயாத சாக்ஸைக் காலையில் மறுபடி மாட்டும்போது மனதில் ஓடும் கெட்ட வார்த்தைகளை எந்த வீரனும் சொல்லி நான் படித்ததில்லை. குதிகாலில் ஒரே ஒரு கொப்புளம் உடைந்தால் போதும், உலகத்தைக் காப்பாற்றும் ஆசை பாதியாகக் குறைந்துவிடும்.

குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். 500 கிலோ எடையுள்ள குதிரை தினமும் தன் எடையில் 2 சதவீதம், அதாவது 10 கிலோ தீவனம் தின்னும். தண்ணீர் ஒரு 30 லிட்டர் வேண்டும். 100 கிலோ தீவனம் சுமக்கும் பொதிக்குதிரை, வழியில் மேயக் கிடைக்காவிட்டால், பத்தே நாளில் தான் சுமந்ததைத் தானே தின்று தீர்த்துவிடும். படைக்கு ஒன்றும் மிஞ்சாது. 1860-61இல் அமெரிக்காவில் ஓடிய போனி எக்ஸ்பிரஸ் தபால் சேவை சுமார் 16 முதல் 24 கிலோமீட்டருக்கு ஒரு முறை குதிரையை மாற்றியது. மாற்றிக்கொண்டே இருந்ததால்தான் அந்த வேகம். நம் நாயகர்களோ ஒரே குதிரையில் இரவு பகலாக நாலுகால் பாய்ச்சலில் போகிறார்கள், கடைசியில் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சண்டைக்கு வேறு போகிறார்கள்.

டயானா வின் ஜோன்ஸ் 1996இல் 'தி டஃப் கைட் டு ஃபேண்டஸிலேண்ட்' என்று ஒரு புத்தகம் போட்டார். மாயாஜால உலகங்களுக்குப் போகும் சுற்றுலாப் பயணிக்கு எழுதிய கையேடு போன்ற நையாண்டி. அந்த ஊர்க் குதிரைகள் களைப்பதே இல்லை, அவை மகரந்தச் சேர்க்கையால்தான் இனம் பெருக்குகின்றன போல என்று சந்தேகப்படுகிறார். எங்கே போனாலும் ஸ்டூ மட்டும்தான் கிடைக்கும் என்றும் எச்சரிக்கிறார். நாள் முழுக்க நடந்து வந்தவன் எவனாவது கறியை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டுக் காத்திருப்பானா? கையில் கிடைத்ததை அப்படியே வாயில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவான்.

நூலகப்பூனை:

ஜோன்ஸ் அந்த உலகங்களைக் காதலித்தவர், தானே அப்படிக் கதைகள் எழுதியவர். வீட்டு ஆள் செய்யும் கேலி அது. அதைக் கொண்டுவந்து குற்றப்பத்திரிகையாகப் படிக்கிறீர்கள்.

வரைபடப்பித்தன்:

எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்ட வேண்டாம். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் முதலில் வரைபடத்தை வைத்துக்கொண்டு, தூரங்களில் கவனமாக இருந்து, அதற்குள்தான் கதையைப் பொருத்தியதாக 1954இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். நிலாவின் தேய்பிறை வளர்பிறைகூட அத்தியாயத்துக்கு அத்தியாயம் சரியாக வர வேண்டும் என்று உட்கார்ந்து திருத்திய மனிதர். அந்த நாவலின் நாயகன் ஃப்ரோடோ, அழிக்க வேண்டிய மாய மோதிரத்தோடு, வீட்டை விட்டுக் கிளம்புவது செப்டம்பர் 23. ரிவெண்டெலுக்கு அக்டோபர் 20இல் சேர்கிறான், அங்கே இரண்டு மாதம் தங்கல், டிசம்பர் 25இல் மறுபடி கிளம்பல், மோதிரம் அழிவது மார்ச் 25. கேரன் வின் ஃபான்ஸ்டட் என்ற வரைபடக்காரர் 1981இல் இதற்கென்று ஒரு முழு அட்லஸே போட்டார். தேதியும் தூரமும் ஒட்டாத கதையை வைத்து அட்லஸ் போட முடியாது.

கால்நடை அவர்களுக்கு ஓர் இடம் பிடிக்கும். எதிரி சாவ்ரானின் நாடான மொர்டோரில் இனி ஓர் அடிகூட எடுக்க முடியாது என்ற நிலையில் ஃப்ரோடோவோடு கூட நடக்கும் தோழன் சாம் தன் சமையல் சட்டிகளைத் தூக்கி எறிகிறான். அத்தனை தூரம் சுமந்து வந்தவை. அவை பள்ளத்துக்குள் உருண்டு விழும் ஓசை அவன் நெஞ்சைப் பிளக்கிறது. சுமையின் கனம் அறிந்தவன் எழுதியது அது. தூக்கியே பார்க்காதவன் வாளைப் பற்றி எழுதியிருப்பான்.

மழைத்தவளை:

கடைசியில் அவர்களை மீட்க வரும் ராட்சதக் கழுகில் முதலிலேயே ஏறிப் போயிருந்தால் சட்டி மிஞ்சியிருக்குமே.

வரைபடப்பித்தன்:

கழுகுக் கேள்வியை இங்கே இழுத்தால் நான் வெளியே போய்விடுவேன்.

நூலகப்பூனை:

டோல்கீனைக் கோயில் கட்டிக் கும்பிடும் முன் அவருடைய வயலைக் கொஞ்சம் பாருங்கள். மினாஸ் தீரித் என்ற தலைநகருக்கு முன்னால் பெலென்னோர் சமவெளி. வளமான மண், பழத்தோட்டங்கள், களஞ்சியங்கள், தொழுவங்கள் என்றெல்லாம் வர்ணித்துவிட்டு, அங்கே குடியிருந்த உழவர்களும் மேய்ப்பர்களும் அதிகம் இல்லை என்று அவரே எழுதுகிறார். ஏழு சுற்று நகரம், முன்னால் அவ்வளவு பெரிய விளைநிலம், ஆனால் ஆள் இல்லை. யார் உழுதது?

அப்புறம் மொர்டோர். அந்தச் சாம்பல் காட்டில் இவ்வளவு பெரிய படை எதைத் தின்றது? தெற்கே நூர்னென் ஏரிக்கரையில் அடிமைகளை வைத்து விளைவிக்கும் வயல்கள் இருந்தன, ஃப்ரோடோவும் சாமும் அதை அறியமாட்டார்கள் என்று போகிற போக்கில் ஒரே ஒரு வாக்கியம். அவ்வளவுதான். ஒரு சாம்ராஜ்யத்தின் வேளாண்மையே ஒரு வாக்கியம். அது போதும் என்கிறேன் நான். உங்களுக்குத்தான் போதவில்லை.

வரைபடப்பித்தன்:

பெலென்னோரில் ஆள் குறைவு என்று சொல்லிவிட்டு, மக்களில் பெரும்பகுதி நகரத்துக்குள்ளும் மலைப் பள்ளத்தாக்குகளிலும் தெற்கே லெபென்னினிலும் இருந்தார்கள் என்று அடுத்து வருகிறதே, அதை ஏன் விட்டீர்கள்? போர் நெருங்கும்போது தெற்கிலிருந்து ஆட்கள் வந்து சேர்கிறார்கள். தானியமும் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

ஏர்முனை:

பூனையாரே, என் பக்கத்தை என்னைவிட நன்றாக வாதாடுகிறீர்கள். நான் கேட்பது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்! வேளாண்மைக் கையேடு யாரும் கேட்கவில்லை. நூர்னென் வாக்கியத்தைப் படித்தவுடன் அந்தப் படைக்குப் பின்னால் முதுகொடிய வேலை செய்யும் ஒரு கூட்டம் இருப்பது தெரிந்துவிடுகிறது. சாவ்ரானின் கொடுமை எனக்கு எரிமலையில் தெரிந்ததைவிட அங்கேதான் அதிகம் தெரிந்தது.

சினிமாவில் பாருங்கள், பெலென்னோர் வெறும் புல்வெளி. நகரத்து மதிலை ஒட்டி அத்தனை நல்ல மண் சும்மா கிடக்கிறது. திரையில் அந்தக் குதிரைப்படை இறங்கி வரும்போது எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் தரிசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரைப்பக்க வாசகன்:

இந்தத் திரிக்குப் புதியவன். அப்படியென்றால் 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுதிய மார்ட்டின்தான் உங்கள் ஆளா? 2014இல் ஒரு பேட்டியில் அவர், கடைசியில் அரசனாகும் அரகார்ன் நல்லாட்சி செய்தான் என்று டோல்கீன் எழுதிவிட்டார், சரி, அவனுடைய வரிக்கொள்கை என்ன என்று கேட்டார். ஏர்முனை கேட்பதும் அதேதானே?

ஏர்முனை:

கேள்வி நல்ல கேள்வி. ஆனால் கேட்டவர் வீட்டில் ஆண்டுக்கணக்கில் நீளும் குளிர்காலம் இருக்கிறது, அதை என்ன செய்ய? 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடங்கும்போது ஒரு கோடை ஒன்பது பத்து ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் உலகத்தில் ஒரே ஒரு கோடை தவறினால் என்ன ஆனது என்று பாருங்கள். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. மறு ஆண்டு வட அமெரிக்காவின் வடகிழக்கில் ஜூன் மாதம் பனி பெய்தது, மேற்கு ஐரோப்பாவில் ஓயாத குளிர்மழை, விளைச்சல் படுத்தது, பஞ்சம் வந்தது. அதற்கு முன்னால் 1315 முதல் 1317 வரை ஐரோப்பாவில் மழை விடாமல் பெய்து பயிர் அழுகியபோது விதைக்கு வைத்திருந்ததையே தின்ன வேண்டிய நிலை. இவையெல்லாம் ஓரிரு ஆண்டு. மார்ட்டினின் ஆட்கள் ஐந்தாறு ஆண்டுக் குளிரை எதை வைத்துத் தாண்டுவார்கள்? அடுத்த வசந்தம் வரை விதை முளைப்புத்திறனோடு இருக்குமா? கிடங்கில் எலியும் வண்டும் சும்மா இருக்குமா?

இன்னும் ஒன்று, இதை யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்த நீண்ட குளிரைவிட நீண்ட கோடைதான் பயம். குளிர் வந்தால்தான் பூச்சியில் ஒரு பங்கு சாகும். பத்து ஆண்டு இடைவிடாத கோடை என்றால் பூச்சி தலைமுறை தலைமுறையாகப் பெருகிக்கொண்டே போகும். ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பரவிய பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டம் ஒரே நாளில் 35,000 பேர் சாப்பிடும் அளவு தின்றுவிடும் என்கிறது ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு. மார்ட்டின் கதையில் வரும் அரசி டேனரிஸின் மூன்று டிராகனும் சேர்ந்து ஆட்டைத் தின்றால் எத்தனை தின்னும்? அந்தக் கதை நடக்கும் வெஸ்டெரோஸ் கண்டத்தை அழிக்க டிராகன் எதற்கு?

நூலகப்பூனை:

இப்போது மாட்டினீர்கள். அந்தப் பருவநிலை நடக்காத காரியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பசியை அவரைவிட நன்றாக எழுதிய மாயாஜால எழுத்தாளர் எத்தனை பேர்? டைரல் குடும்பம் சாலையை மூடியதும் தலைநகருக்குத் தானியம் வராமல் நின்றுபோகிறது, பசித்த கூட்டம் ராஜாவின் மீதே சாணத்தை எறிகிறது, நகரமே கலவரமாகிறது. பிறகு அதே டைரல்கள் கட்சி மாறி உணவு வண்டிகளோடு வந்ததும் மக்கள் வாழ்த்துகிறார்கள். விளைநிலம் வைத்திருப்பவன்தான் அரசனை ஆக்குகிறான் என்று அதற்கு மேல் எப்படிச் சொல்வது? 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்' நாவலில் ஜான் ஸ்னோ சேமிப்பறைகளுக்குள் இறங்கி இருப்பைக் கணக்குப் பார்க்கிறான். போதாது என்று தெரிந்ததும் உணவு வாங்க வங்கிக்காரனிடம் கடன் பேசுகிறான். வாள் வீசும் தளபதி கடனுக்குப் பேரம் பேசும் அந்த இடம் எனக்கு எந்தப் போர்க்களத்தையும்விடப் பதற்றமாக இருந்தது.

ஆக, உங்கள் விதியை அவர் உடைத்துவிட்டார், அண்ணா. விவசாயம் தப்பு, பசி சரி. பூச்சி பெருகுமா, விதை முளைக்குமா என்பதற்கெல்லாம் அவரிடம் பதில் இல்லை. ஆபத்து மட்டும் ஆபத்தாகவே இருக்கிறது. நீங்கள் முதல் பதிவில் சொன்னதற்கு நேர் எதிர் சாட்சி.

ஏர்முனை:

பதில் முழுசாக இல்லாவிட்டாலும் கேள்வியை அவர் மறக்கவில்லையே. வின்டர்ஃபெல் கோட்டையில் வெந்நீர் ஊற்றும் கண்ணாடித் தோட்டமும் வைத்திருக்கிறார். அறுவடையில் எவ்வளவு ஒதுக்குவது என்று பிரபுக்கள் பேசுகிறார்கள். அந்தக் கவலை இருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்கு வேண்டும். கணக்கு உதைத்தாலும் கவலை இருந்தால் மன்னித்துவிடுவேன்.

நூலகப்பூனை:

கம்பத்தை நகர்த்திக்கொண்டே போகிறீர்கள். சரி, நானே உங்களுக்கு ஒரு நல்ல புகார் தருகிறேன், அதற்குக் கோபப்படுங்கள். மாயாஜாலக் கதைகளில் பண்ணை வராமல் இல்லை, வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் எதற்கு வருகிறது? நாயகன் விட்டுவிட்டு ஓடுவதற்கு! 'எரகான்' நாவலில் மாமாவின் பண்ணை எரிகிறது, பையன் டிராகனோடு கிளம்புகிறான். 'தி ஐ ஆஃப் தி வேர்ல்ட்' கதையில் ராண்டின் பண்ணையில் டிராலாக் என்ற அரக்கக் கூட்டம் புகுந்து நாசமாக்குகிறது, அவனும் கிளம்புகிறான். பண்ணை எரிந்தால்தான் கதை நகரும் என்று எங்கோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் மாட்டுக்குப் பால் கறப்பது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. விதை எங்கே என்று கேட்கிறீர்களே, விவசாயம் என்றாலே தப்பித்துப் போக வேண்டிய இடம் என்று நூறு நூறு பக்கமாகச் சொல்வது உங்களுக்கு உறுத்தவில்லையா?

ஏர்முனை:

உறுத்துகிறது. ஆனால் பொய் என்று சொல்லமாட்டேன். எரியாமலே ஓடத் தோன்றும் நாள்கள் எங்களுக்கு நிறைய உண்டு. முளைவிட்ட கதிரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது யாராவது ஒரு கிழவன் நீளத் தாடியோடு வந்து, நீதான் தேர்ந்தெடுக்கப்பட்டவன், வா என்றால் செருப்பைக்கூடத் தேடாமல் போய்விடுவேன்.

மழைத்தவளை:

தாடிக்காரர் எந்தப் பக்கம் வருகிறார் என்று தெரிந்தால் சொல்லுங்கள், நானும் வந்து நிற்கிறேன்.

வரைபடப்பித்தன்:

எல்லாரும் ஓடவில்லை. சாம் திரும்பி வருகிறான். அவன் ஊரான ஷயர் பாழாகிக் கிடக்கிறது, மரங்கள் வெட்டப்பட்டுவிட்டன, பங்கிடுகிறோம் என்ற பெயரில் அடியாட்கள் விளைந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பங்கு மட்டும் யாருக்கும் வரவில்லை. கலாட்ரியல் என்ற மாயசக்தி கொண்ட சீமாட்டி கொடுத்த ஒரு சிறு பெட்டி மண்ணை அவன் தன் தோட்டத்திலேயே கொட்டிக்கொள்ளவில்லை. அழகான மரங்கள் இருந்த இடங்களிலெல்லாம் கன்று நட்டு, ஒவ்வொன்றின் வேரடியிலும் ஒரு துளி வைத்துக்கொண்டே ஷயர் முழுக்க நடக்கிறான். மறு ஆண்டு விளைச்சல் பேர் சொல்லும் விளைச்சல். உலகத்தைக் காப்பாற்றிய பிறகும் ஒரு தோட்டக்காரனுக்கு வேலை இருந்தது.

லாயிட் அலெக்சாண்டரின் தரன் பன்றி மேய்ப்பவனாகத் தொடங்குகிறான். 1967இல் வந்த 'தரன் வாண்டரர்' நூலில் அவன் ஒரு மேய்ப்பனின் வறண்ட நிலத்தில் பாடுபடும் பகுதி பெரியது. லெ குவினின் எர்த்ஸீ தொடரில் வரும் 'தெஹானு' இன்னும் மேலே. முதல் நூலில் உலகையே உலுக்கிய மந்திரவாதி கெட், சக்தி எல்லாம் போன பிறகு ஆடு மேய்க்கிறான். அந்தக் கதையின் நாயகி ஓர் உழவனின் விதவை, பண்ணையை நடத்துகிறாள். அங்கே பண்ணை தப்பித்துப்போகும் இடம் இல்லை, வந்து சேரும் இடம்.

கால்நடை:

'தி ஐ ஆஃப் தி வேர்ல்ட்' பெயர் வந்துவிட்டதால் சொல்கிறேன், அது 'தி வீல் ஆஃப் டைம்' தொடரின் முதல் நூல். அதில் ராண்டும் அவன் நண்பன் மேட்டும் கையில் காசில்லாமல் விடுதி விடுதியாகப் போகிறார்கள், ஒருவன் புல்லாங்குழல் ஊதுகிறான், மற்றவன் பந்து வீசி வித்தை காட்டுகிறான், அதற்குச் சாப்பாடும் படுக்க இடமும். இடமில்லாத இரவில் வைக்கோற்போர். மழை, காய்ச்சல், பின்னால் துரத்தும் கூட்டம். அந்தத் தொடரிலேயே எனக்குப் பிடித்த பகுதி அதுதான். பின்னால் எல்லாருக்கும் வாசல் திறந்து நொடியில் கண்டம் தாண்டும் வித்தை கைவந்துவிடுகிறது. அன்றோடு அந்த உலகம் சுருங்கிப்போனது. எங்கே இருந்தாலும் அடுத்த பக்கத்தில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால் தூரம் எதற்கு, வரைபடம் எதற்கு?

நூலகப்பூனை:

அந்தத் தொடர் 14 புத்தகம். வாசல் திறக்காமல் எல்லாரும் நடந்தே போயிருந்தால் அதை எழுதிய ஜோர்டானின் வாழ்நாள் மட்டுமில்லை, நம் வாழ்நாளும் போதாது. அவர் 2007இல் காலமானார். கடைசி மூன்றை பிராண்டன் சாண்டர்சன்தான் முடித்துக்கொடுத்தார்.

நீங்கள் இருவரும் கேட்டதை அப்படியே செய்த புத்தகமும் அதில்தான் இருக்கிறது. பத்தாவது நூல், 'க்ராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்', 2003. பெரின் தன் படைக்குத் தானியம் வாங்க ஸோ ஹேபர் என்ற ஊருக்குப் போகிறான். மூட்டையைத் திறந்தால் வண்டு. சலிக்க வேண்டும், சலித்தாலும் போதாது. அவன் மனைவியை எதிரிகள் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், இவனோ தானியம் சலிக்கும் இடத்தில் நிற்கிறான்! ரசிகர்கள் அந்தப் புத்தகத்தைத்தான் தொடரிலேயே மந்தமானது என்று கரித்துக்கொட்டுகிறார்கள். சாப்பாட்டையும் வழியையும் சரியாக எழுதினால் கிடைக்கும் பரிசு அது.

ஏர்முனை:

இதை நான் படித்ததில்லை, இப்போதே படிக்க வேண்டும் போல இருக்கிறது. மனைவி எதிரி கையில், படை பட்டினி, மூட்டையில் வண்டு. இதில் மந்தம் எங்கே இருக்கிறது? மூட்டையைப் பிரித்ததும் உள்ளே மாவு மாதிரி தூசி பறக்கும், கையை விட்டால் தானியம் இளஞ்சூடாக இருக்கும். வண்டு உள்ளே பெருகியிருந்தால் அந்தச் சூடு இருக்கும். கையை வெளியே எடுக்கும் முன்பே தெரிந்துவிடும், இது போச்சு என்று. அந்த நொடிக்கு எந்தப் பேயும் பக்கத்தில் வர முடியாது.

நூலகப்பூனை:

அந்த ஊரில் பேயும் உலாவுகிறது, கவலைப்படாதீர்கள். ஆனால் பாருங்கள், உங்கள் நான்கு வரியில் இருக்கும் சூடு அந்த அத்தியாயத்தில் இல்லை. தெரிந்தவன் நான்கு வரியில் முடிப்பதைத்தான் நான் மொத்தத்தில் கேட்கிறேன். இல்லாவிட்டால் விட்டுவிடட்டும்.

மழைத்தவளை:

நடுவில் கத்திவிட்டுப் போகிறேனே என்று திட்டாதீர்கள், இந்த முறை விஷயம் இருக்கிறது. 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' 1968. ஆகியன் என்ற பெரிய மந்திரவாதி சீடனோடு மழையில் நனைந்துகொண்டு போகிறார். விரட்டலாம், விரட்டமாட்டார். பையனுக்கு எரிச்சல், வித்தை தெரிந்தும் நனைவதற்கு வித்தை எதற்கு என்று. பிறகு ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் கற்றுக்கொடுக்கிறார்கள், இங்கே மழையை வரவழைத்தால் வேறு தீவில் வறட்சியாகலாம் என்று. ஏர்முனை கேட்கும் கவலை அங்கே மந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. மழையைப் பிடித்து ஓர் ஊருக்கு வளைத்தால் அது யாரோ ஒருவனுடைய வயலில் இருந்து பிடுங்கியதாகத்தான் இருக்கும்.

ஏர்முனை:

தவளைக்கு மழையைப் பற்றித் தெரியாமல் இருக்குமா. இது நல்ல இடம், குறித்துக்கொண்டேன்.

அரைப்பக்க வாசகன்:

ஹாரி பாட்டரைக் குழந்தைப் புத்தகம் என்று ஒதுக்கிவிட்டீர்களா? இரண்டாம் நூலில் ஹாக்ரிட் எங்கே தட்டுப்படுகிறார்? நாக்டர்ன் சந்தில், மாமிசம் தின்னும் நத்தைப்புழுவுக்கு மருந்து வாங்க வந்திருக்கிறார், பள்ளியின் முட்டைக்கோஸையெல்லாம் அது நாசம் செய்கிறதாம். மந்திரப் பள்ளியிலும் பூச்சிக்கொல்லிதான்! ஏழாம் நூலில் கூடாரத்தில் பட்டினி கிடக்கும்போது ஹெர்மாயினி விளக்குகிறாள், உணவை ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்க முடியாது, மந்திரத்தால் பொருளை உருமாற்றுவது பற்றிய கேம்ப் விதிக்கு முதல் விலக்கு அதுதான் என்று. இருப்பதைப் பெருக்கலாம், இருக்கும் இடம் தெரிந்தால் வரவழைக்கலாம். அந்த ஒரு விதி இல்லாவிட்டால் அவர்கள் நாள்கணக்கில் அலைவதில் அர்த்தமே இல்லை.

நூலகப்பூனை:

அந்தக் கூடார அத்தியாயங்களைத்தான் பாதிப் பேர் தள்ளிவிட்டுப் படித்தார்கள்.

கால்நடை:

தள்ளிவிட்டவர்கள் கூடாரத்தில் மூன்று பேராகத் தங்கியே இருக்கமாட்டார்கள். பசியும் ஈரமும் சேர்ந்தால் உயிர் நண்பன்கூட மூச்சு விடுவதே எரிச்சலாக இருக்கும். ரான் கோபித்துக்கொண்டு கிளம்பும் இடம் அச்சு அசல். பூதத்தைப் பற்றி எழுதியதைவிட அங்கேதான் ரௌலிங் மீது எனக்கு நம்பிக்கை வந்தது.

வரைபடப்பித்தன்:

மார்ட்டின் கேட்ட வரிக்கேள்வி அந்தரத்தில் நிற்கிறதே, அதற்கு ஒரு பதில் இருக்கிறது. அரகார்ன் முடிசூடிய பிறகு மொர்டோரின் அடிமைகளை விடுவித்து, நூர்னென் ஏரியைச் சுற்றியுள்ள நிலம் முழுவதையும் அவர்களுக்கே சொந்தமாகக் கொடுத்துவிடுகிறான். பூனை அவர்கள் சொன்ன அந்த ஒற்றை வாக்கிய வயல்கள்தான் அவை. வரிக்கொள்கை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உழுதவனுக்கே நிலம் என்பது சின்னக் காரியமா? அதையும் ஒரே வரியில்தான் சொல்கிறார்.

நூலகப்பூனை:

அப்படிப் போடுங்கள். ஒரு வரியில் கேள்வி, சில அத்தியாயம் தள்ளி ஒரு வரியில் பதில். இதற்கு மேல் என்ன வேண்டும், ஏர்முனை அண்ணா?

ஏர்முனை:

நிலம் கொடுத்தார், சரி, மகராசன். விதை கொடுத்தாரா? அந்த வயலில் விளைந்ததெல்லாம் படைக்குப் போயிருக்கும், கையிருப்பு என்று அடிமைகளிடம் ஒரு மூட்டை இருந்திருக்காது. இடைக்கால ஐரோப்பாவில் ஒன்று விதைத்தால் மூன்றோ நான்கோதான் திரும்ப வந்தது, அதிலும் ஒரு பங்கு மறு விதைப்புக்கு ஒதுக்க வேண்டும். மோதிரம் அழிந்தது மார்ச் 25. முடிசூட்டு விழா மே மாதம். அதற்குப் பிறகுதான் விடுதலை, அதற்குப் பிறகு நிலம். வசந்த விதைப்பு தவறிவிட்டது. உழ மாடு இருந்ததா, அதையும் சாவ்ரானின் 'ஓர்க்' அரக்கக் கூட்டம் ஓடும்போது அடித்துத் தின்றுவிட்டதா? முதல் ஆண்டு அந்தக் குடும்பங்கள் எதைச் சாப்பிட்டன? பித்தன் தம்பி, பின்னிணைப்பில் எங்காவது இருந்தால் பக்க எண்ணோடு போடுங்கள்.